இரவல் கொடுக்க முடியாத விளையாட்டுகள்

சாயல்குடியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்துப் பம்புசெட், வீட்டு மோட்டார், மிக்ஸி என்று சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோவதெல்லாம் என்னிடம்தான் வரும். முப்பத்தெட்டு வயதாகிறது. இந்த வயதில் ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறான் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிக்கிறவன் வீட்டு மோட்டாரும் ஒருநாள் எரியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பல வருடம் நான் டிஸ்க் கட்சி. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஆடி முடித்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வேறு டிஸ்க் எடுத்து வரலாம். ஒரு பொருளை வாங்கினால் அது கையில் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் தள்ளிவிட வேண்டும், பிடித்திருந்தால் நாலு பேருக்கு இரவல் கொடுத்து, "எப்படி இருக்கு, ரெண்டாவது வில்லனைத் தாண்டிட்டியா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். இது என் கொள்கை. காசைக் கட்டிவிட்டு, பொருளை விற்றவனிடமே விட்டுவைத்து, ஒவ்வொரு தடவையும் அவனிடம் பாஸ்வேர்டு சொல்லி அனுமதி வாங்கி விளையாடுவது என்ன வியாபாரம் என்று எனக்குப் புரியவே இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கட்சி எங்கள் வீட்டு மாப்பிள்ளை. என் தங்கையைக் கட்டியவர். கடலாடியில் உரக்கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்க, அவர் கண் மட்டும் என் டிவிக்குக் கீழே இருந்த பெட்டியிலேயே இருந்தது. அப்போதே இந்தச் சம்பந்தம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் விளையாடுவதெல்லாம் இணையக் கடையில் வாங்கியவை. அறுபது எழுபது விளையாட்டு வைத்திருந்தார், ஒன்றைக்கூடக் கையால் தொட்டது கிடையாது.

"என்ன மச்சான், இன்னும் டிஸ்க்கைத் தொடச்சுக்கிட்டே இருக்கீக? எனக்கு எல்லாம் கணக்குல கெடக்கு. வீடு மாறுனாலும் கூடவே வரும்."

"அந்தக் கடைக்காரன் ஒருநாள் கடையச் சாத்திட்டுப் போயிட்டா என்ன செய்வீக மாப்பிள்ளை?"

"ஒங்க டிஸ்க்குல கீறல் விழுந்தா என்ன செய்வீக மச்சான்?"

பார்க்கும்போதெல்லாம் இதே சண்டை. தங்கை, "ரெண்டு கெழடுகளுக்கும் வேற பேச்சே கெடையாதா?" என்று எழுந்து போய்விடுவாள்.

கடைசியில் என் கட்சியைக் கவிழ்த்தது மாப்பிள்ளை இல்லை, எங்கள் ஊர்க் காற்று. மாரியூர்ப் பக்கமிருந்து அடிக்கிற உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், கதவுக் கொண்டியைத் தின்னும், நான் கட்டிக்கொடுக்கிற மோட்டாரின் மூடியைத் தின்னும். உண்மையைச் சொன்னால் அந்தக் காற்று போட்ட சோறுதான் நான் தின்பது. அது என் பெட்டிக்குள்ளும் புகுந்து டிஸ்க் படிக்கிற கண்ணைத் தின்றுவிட்டது. மூன்று தடவை நானே கழற்றித் துடைத்துப் போட்டேன். நாலாவது தடவை பெட்டி டிஸ்க்கை விழுங்கிவிட்டுத் துப்ப மாட்டேன் என்றது. அத்தோடு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கடையின் மூலையில் வைத்தேன். பில் போடுவதற்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய இணையக் கடையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் தன் வீட்டு ஆட்களை ஒரே குடும்பமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஒருவர் வாங்கிய விளையாட்டை மற்றவர்களும் அவரவர் கணக்கிலிருந்து விளையாடலாம். மாப்பிள்ளை எனக்கும் ஒரு கணக்குத் திறந்து, தன் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். ஒரு நிமிடத்தில் அத்தனை விளையாட்டும் என் திரையில் வந்து நின்றன. பத்து வருடம் பேசிய கொள்கையெல்லாம் அந்த நிமிடமே பறந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அதில் ஒரே ஒரு தொந்தரவு, விளையாட்டை இறக்குவதுதான். எங்கள் ஊரில் அதற்கு முதலில் கடலைக் கேட்க வேண்டும். வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தால் டவர் சும்மா கிடக்கும், விளையாட்டு மளமளவென்று இறங்கும். காற்று பலமாக இருக்கிறது, யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்துவிட்டால் போச்சு. கரையோரத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் வீட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள், என் கம்ப்யூட்டரில் கோடு ஒரு விரல்கூட நகராது. மீன் வாங்குகிறவர்களைவிட நான்தான் வானிலை அறிவிப்பை அக்கறையாகக் கேட்டேன். "இன்னைக்கு வள்ளம் போயிருக்கு மாப்பிள்ளை, நான் புது ஆட்டத்த எறக்கப் போறேன்" என்று காலையிலேயே போன் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடலாடியிலும் நான் சாயல்குடியிலுமாக உட்கார்ந்து ஆடுவோம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதில் பாதி விளையாட்டு, பாதி உர மூட்டைக் கதை. அவருக்கு மகள் பிறந்தபோது, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே ஒற்றைக் கையால் ஆடினார். பிள்ளை அழுகிற சத்தம் என் காதில் கேட்டுக் கேட்டு, நேரில் பார்க்கிறபோது அது எனக்குப் பழகின குரலாக இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன்.

மாரியூர் வள்ளக்காரர் ஒருவர் வீட்டு மோட்டாரைக் கட்டக் கொடுத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், கலகலப்பான ஆள். கடலில் காற்று ஏறி நாலு நாளாகத் தொழில் இல்லை. மோட்டாரை வாங்க வந்தவர் என் திரையில் துப்பாக்கிச் சண்டை நடப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, எங்க வீட்லயும் கம்ப்யூட்டர் கெடக்கு. கடலுக்கும் போக முடியல. இத ரெண்டு நாளைக்குக் குடுங்க, ஆடிட்டுத் தாரேன்."

குடுங்க என்று ஒருவர் கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எத்தனை டிஸ்க்கை இப்படிக் கொடுத்திருக்கிறேன். பில் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் என் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்குப் போய் உள்ளே நுழைய முடியவில்லை என்று போன் செய்தபோது, என் போனுக்கு வந்த நம்பரையும் நானே சிரத்தையாகப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் அவரே கடைக்கு வந்தார்.

"அண்ணே, என்னமோ செகப்பா வருது. உள்ள விட மாட்டேங்குது."

"என்னப்பா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலண்ணே. எல்லாரும் என்னையச் சுட்டுக்கிட்டே இருந்தானுக. ஒரு வீடியோவுல ஒண்ணு குடுத்திருந்தான். அதப் போட்டா துப்பாக்கி தானா குறி பாக்கும். அதப் போட்டேன். பத்து நிமிசம் சும்மா பறந்துச்சு. மாதா மேல ஆணையா, அது தப்புன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

திரையைத் திறந்து பார்த்தேன். அந்த விளையாட்டில் திருட்டு வேலை செய்ததால் எனக்குத் தடை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. விளையாட்டு யாருக்குச் சொந்தமோ, அவருக்கும் சேர்த்துத் தடையாம். சொந்தக்காரர் மாப்பிள்ளை. நாலு வருடமாக அந்த ஒரு விளையாட்டைத்தான் அவர் உயிராக ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு டிஸ்க்கை இரவல் கொடுத்து, வாங்கியவன் கீறிக் கொண்டுவந்தால் டிஸ்க்தான் போகும், டிஸ்க்கின் சொந்தக்காரர் கையைப் பிடித்து யாரும் முறுக்க மாட்டார்கள். இங்கே எவனோ செய்ததற்கு மாப்பிள்ளைக்குத் தண்டனை. வள்ளக்காரர் மேல் கோபம் வந்தது, இணையக் கடைக்காரன் மேல் வந்தது, கடலுக்குப் போகாதே என்று சொன்ன காற்றின் மேல்கூட வந்தது. என் மேல் மட்டும் வரவில்லை. அப்போதே கடலாடிக்கு ஒரு நடை போயிருக்க வேண்டும், இல்லை போனையாவது எடுத்திருக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரை அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, காயில் கட்ட உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடத் திறந்தபோது மாப்பிள்ளை தானாகவே அந்தத் தடையைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் போன் வரவில்லை. திங்கட்கிழமை காலை துண்டை விலக்கித் திறந்தால், என் திரை காலியாகக் கிடந்தது. அறுபது எழுபது விளையாட்டில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று மட்டும் இருந்தது. வேறு குடும்பத்தில் சேர வேண்டுமானால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமாம். விட்டுவந்த குடும்பமே மறுபடி கூப்பிட்டால் உடனே போகலாமாம்.

குடும்பத்திலிருந்து நீக்கியாச்சு. பொண்ணு கொடுத்த வீட்டை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இது ஒரு மாதத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. தங்கை மகளுக்குக் காதுகுத்து நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால் ஊர் பத்து வருடம் பேசும், பிள்ளை பெரியவளாகி அவளே கேட்பாள். என் தங்கைக்கு நான் ஒரே அண்ணன். ஆனால் அழைக்காமல் போகக்கூடாது. பிள்ளையின் அப்பனும் ஆத்தாளும் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு வீட்டு வாசலேறி வந்து தாய்மாமனை அழைக்க வேண்டும். பத்திரிகையைத் தபாலில் போட்டாலோ போனில் சொன்னாலோ அது அழைப்பில்லை.

நான் தினமும் சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டில் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் அழைத்து முடித்துவிட்டார்கள், எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு வந்து போனார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அதற்கு நடுவில் ஒருநாள் கடையில் இருக்கும்போது போனில் ஒரு மெயில் வந்தது. அந்த இணையக் கடையிலிருந்து. மாப்பிள்ளை என்னைத் திரும்பவும் விளையாட்டுக் குடும்பத்தில் சேர அழைத்திருக்கிறார், சம்மதம் என்றால் இங்கே அழுத்தவும்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். வெளியே தள்ளும்போது ஒரு பட்டன், கூப்பிடும்போது ஒரு பட்டனா? மனுஷன் கடலாடியிலிருந்து சாயல்குடி வர அரை மணி நேரம்கூட ஆகாது. நேரில் வந்து, "மச்சான், நடந்தது நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? நான் அழுத்தவில்லை. ஒரு வாரத்தில் அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று இன்னொரு மெயில் வந்தது. அதையும் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி பிள்ளைக்கான சீரையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். பட்டுப்பாவாடை, கம்மல், கொலுசு. அன்று சாயங்காலம் அதை மடித்துக்கொண்டே, "சீரெல்லாம் ரெடியா இருக்கு. மாமன் மட்டுந்தான் ரெடியாகல" என்றாள்.

காதுகுத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தங்கை போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணே, அந்த ஆட்டத்துக்கு அவரு ஒன்னைய மறுபடி கூப்பிட்டாராமே. நீ கண்டுக்கிறவே இல்லையாம்."

"பட்டனத் தட்டிக் கூப்பிட்டா வந்துருவேனா? நேர்ல வரச் சொல்லு. என்ன இருந்தாலும் நான் தாய்மாமன்."

"அவரும் அதத்தாண்ணே சொல்றாரு."

"எத?"

"ஆட்டம் போனதுக்கு அவருக்குக் கோவமே இல்ல. அது போயிட்டுப் போகுது, வேற வாங்கிக்கிடலாம்னாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லலையேன்னுதான் ஒக்காந்து பொருமுறாரு. மச்சான் தப்புப் பண்ணுனத மிஷினு சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன்டி, நாலு நாளா அவரு வாயத் தெறக்கலன்னு பொலம்புறாரு. நேர்ல வரணும் நேர்ல வரணும்னு சொல்றியே, நீ வந்தியா?"

அவள் அழுதாள். "பிள்ளைய யாரு மடியில வைக்க? நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மாதமாக எனக்குத் தெரிந்ததுதான் அது. துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன், அவ்வளவுதான். பாதி கட்டிய மோட்டாரை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அழைக்காமல் சம்பந்தி வீட்டுக்குப் போகிற தாய்மாமனை ஊர் என்ன சொல்லும் என்று பாதி வழியில் தோன்றியது. சொல்லட்டும் என்று ஓட்டினேன்.

மாப்பிள்ளை கடையில் யூரியா மூட்டையை ஒரு விவசாயிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டோம். விவசாயி போனதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"தப்பு என்னோடது மாப்பிள்ளை. ஒங்க பொருள ஒங்களக் கேக்காம இரவல் குடுத்தேன். கெட்டுப்போனதும் வந்து சொல்லல. மறைச்சேன். அதான் பெரிய தப்பு."

அவர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். "ஒக்காருங்க மச்சான்," என்றார். எதிர்க் கடைக்கு இரண்டு டீ சொன்னார். டீ வரும்வரை மேசையில் இருந்த பில் புத்தகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் ஒங்கள அப்பிடி நீக்கியிருக்கக் கூடாது. ஆத்திரத்துல அழுத்திட்டேன். அழுத்துன அஞ்சாவது நிமிசமே மனசு கேக்கல," என்றார். "நீங்க இல்லாம ஞாயித்துக்கெழம ஆடவும் பிடிக்கல."

டீயைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது.

"அந்த வள்ளக்காரரு யாரு?" என்று கேட்டார்.

"மாரியூர். நல்ல ஆளு. துப்பாக்கிதான் அவருக்குச் சரியா வரல."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடையைப் பூட்டி என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். தங்கை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்துவந்தாள். பத்திரிகை, பழம், தேங்காய், வெற்றிலை. பக்கத்துக் கடையில் புது வெற்றிலை வாங்கி, வாடிப்போன பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். அது எத்தனை நாளாகக் காத்திருந்தது என்று நான் கேட்கவில்லை. நான் கையை நீட்டினேன்.

மாப்பிள்ளை தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இங்கன வச்சுக் குடுத்தா அது அழைப்பாகாது மச்சான். மொறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க வாரோம்."

சரிதான் என்று வண்டியைத் திருப்பினேன். எனக்குப் பின்னாலேயே அவர்களும் கிளம்பிவிட்டார்கள். பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளை, பின்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு தங்கை. அழைக்க வருகிறவர்களும் அழைக்கப்படுகிறவனும் சேர்ந்து போனால் அது முறையில்லை என்பதால், நான் வேகமாக ஓட்டினேன். அவர்கள் மெதுவாக வந்தார்கள். பாதி வழியில் கருவேலங்காட்டிலிருந்து வந்த ஆட்டுக்கூட்டம் ஒன்று ரோட்டை மறித்துவிட்டது. நான் நின்றேன். பின்னால் வந்த வண்டியும் வந்து பக்கத்திலேயே நின்றது. தங்கை முகத்தைக் காட்டுப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை அந்த ஆடுகளை விலைக்கு வாங்கப்போகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறை தெரியாத ஒரே ஆள் பிள்ளைதான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "மாமா, மாமா" என்று கத்தினாள். ஆட்டுக்காரர் எங்கள் நாலு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

ஆடு விலகியதும் முறுக்கிப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவி, வேறு சட்டை மாட்டி, மனைவியையும் கூப்பிட்டு வாசலில் நிறுத்துவதற்கும் அவர்கள் வண்டி தெருவுக்குள் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வாம்மா, வாங்க வாங்க," என்றேன், வருடக்கணக்கில் பார்க்காதவன் போல.

"நல்லா இருக்கீகளா மச்சான்?" என்றார் அவர், முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

உள்ளே வந்து, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு பேருமாகத் தாம்பாளத்தை நீட்டினார்கள். "பிள்ளைக்குக் காது குத்துறோம். தாய்மாமன் நீங்கதான் வந்து மடியில வச்சுக்கிடணும்," என்றார் மாப்பிள்ளை.

அந்த நேரத்தில் கௌரவமாகச் சொல்வதற்கென்று வழியெல்லாம் நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். தாம்பாளத்தின் கனம் கையில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. "வாரேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தாம்பாளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். காதுகுத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிள்ளை அன்றைக்கே தத்தித் தத்தி வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், ஆத்தா கூப்பிட்டும் இறங்கவில்லை.